நம் தோலுக்கு வெளுப்பு வேண்டாம், நிழல் வேண்டும்

"சாதி ஒழிப்புக்கும் சன்ஸ்கிரீனுக்கும் என்ன தோழர் சம்பந்தம்?" என்று கேட்டுச் சிரித்தார் ஒரு தோழர். தாம்பரத்தில் நாங்கள் நடத்தும் வாசிப்பு வட்டத்தின் அடுத்த கூட்டத்தைத் தோல் நலம் பற்றி வைக்கலாம் என்று நான் சொன்னபோது நடந்தது இது. அவர் கெட்டவர் அல்லர். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் அவரோடு சேர்ந்து சிரித்தார்கள். முகப்பூச்சு என்பது மேட்டுக்குடிப் பொழுதுபோக்கு, நுகர்வு வெறி. போராடுகிறவர்களுக்கு அது எதற்கு என்பது அவர்கள் நினைப்பு. அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் சித்தி மகளுக்கு இருபத்து மூன்று வயது. முடிச்சூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். ஒரு துணிக்கடையில் வேலை. சென்ற ஆண்டு அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். வந்தவர்களும் நம் மக்கள்தான், வெளியார் இல்லை. காபி குடித்து முடித்த பிறகு மாப்பிள்ளையின் அம்மா சித்தியிடம், "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு. கொஞ்சம் கலர்தான் கம்மி. பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் 'பாத்துக்குங்க' போதுமானதாக இருந்தது. மறுநாளே அவள் மெடிக்கல் ஷாப்பில் போய் ஒரு ட்யூப் வாங்கினாள். மருந்துச் சீட்டு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. "நைட்ல தடவும்மா, பத்து நாள்ல தெரியும்" என்று சொல்லிக் கொடுத்தார்களாம்.

பத்து நாளில் தெரியத்தான் செய்தது. முகம் பளிச்சென்று வெளுத்தது. தெருவில் எல்லோரும் என்ன போடுகிறாய் என்று கேட்டார்கள். மூன்றாம் மாதம் வெயிலில் நின்றால் எரிச்சல் வந்தது. கன்னம் சிவந்து அதில் மெல்லிய ரத்தக் கோடுகள் ஓடின. தாடை முழுக்கப் பரு. உதட்டுக்கு மேல் முடி. பயந்துபோய் நிறுத்தினாள், இரண்டே நாளில் முகம் வீங்கிவிட்டது. வீக்கத்துக்குப் பயந்து மறுபடியும் அதையே தடவினாள். அவளை அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மா ட்யூபைத் திருப்பிப் படித்துவிட்டு, "இது ஸ்டீராய்டும்மா. யாரு எழுதிக் குடுத்தா?" என்று கேட்டார். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பெண் பார்க்க வந்த வீட்டில் சொன்ன ஒரு சொல்தான் எழுதிக் கொடுத்தது.

அந்த ட்யூபில் மூன்று சரக்குகள் இருந்தன: மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு, ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின். முகத்தில் வரும் மங்குக்குத் தோல் மருத்துவர் தன் கண்காணிப்பில் சில வாரங்களுக்கு மட்டும் கொடுக்கிற கலவை அது. ஸ்டீராய்டு தோலின் ரத்த நாளங்களைச் சுருக்குகிறது, நிறமி உருவாவதைக் குறைக்கிறது. வெளுப்பு அதன் பக்கவிளைவு. அந்தப் பக்கவிளைவைத்தான் நம் தெருக்களில் அழகு என்று விற்கிறார்கள். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, மருந்து இல்லாமல் இருக்க முடியாத நிலைக்கு வந்துவிடுகிறது. இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்கு 'ஸ்டீராய்டால் சிதைந்த முகம்' என்று தனிப் பெயரே வைத்து, இதை எதிர்க்கத் தங்கள் சங்கத்தில் தனிக் குழுவும் அமைத்தார்கள். அவர்கள் கொடுத்த நெருக்கடியால் 2018-இல் ஒன்றிய அரசு இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது. ட்யூபும் கிடைக்கிறது.

இன்னொரு வகை நஞ்சும் உண்டு. கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு குறிப்பிட்ட சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அரிதாகக் காணப்படும் ஒரே வகைப் பாதிப்பு. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்புக் களிம்பு பூசியவர்கள். களிம்பில் இருந்தது பாதரசம். பாதரசமும் நிறமி உருவாவதைத் தடுக்கும். தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாதரச நஞ்சால் சிதைந்த ஜப்பானிய ஊரான மினமாட்டாவின் பெயரில் இருக்கும் பன்னாட்டு உடன்படிக்கை, அழகுப் பொருட்களில் பாதரசத்தை 2025-க்குள் முற்றாக ஒழிக்க வேண்டும் என்று 2023-இல் முடிவு செய்தது. நிறம் மாற வேண்டும் என்று நம் பிள்ளைகள் சிறுநீரகத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது இது மேட்டுக்குடிப் பொழுதுபோக்கு என்று நம்மால் எப்படிச் சிரிக்க முடிகிறது?

நிறத்துக்கும் சாதிக்கும் என்ன சம்பந்தம் என்று அடுத்துக் கேட்பார்கள். உண்மையில் சம்பந்தம் இல்லை. இல்லாத சம்பந்தத்தைக் கட்டியதுதான் சாதியின் வேலை. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் கையில் அளவுகோலோடு மூக்கையும் மண்டையையும் அளந்து நம் மக்களை வகைப்படுத்தினார். 1909-இல் வெளிவந்த அவருடைய ஏழு தொகுதிகள் இன்றும் நூலகங்களில் இருக்கின்றன. உடலைப் பார்த்தே சாதியைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கைக்கு விஞ்ஞானச் சட்டை மாட்டிவிட்ட காலம் அது. அண்ணல் அம்பேத்கர் அதை 1936-இலேயே, 'சாதி ஒழிப்பு' நூலில் உடைத்தார். பஞ்சாபிப் பார்ப்பனரும் பஞ்சாபிச் சமாரும் ஒரே இனம். சென்னைப் பார்ப்பனரும் சென்னைப் பறையரும் ஒரே இனம். சாதி இனப் பிரிவு அல்ல என்றார். 1948-இல் எழுதிய 'தீண்டப்படாதவர்கள்' நூலில் அந்த மூக்கு அளவுகளையே எடுத்து வைத்து, அளந்தவர்கள் சொன்ன முடிவுக்கு நேர் எதிரான முடிவை நிறுவினார்.

ஆனாலும் கறுத்த பார்ப்பனரையும் வெளுத்த இன்னொருவரையும் நம்பாதே என்று ஒரு பழமொழி இன்றும் புழங்குகிறது. அந்த இன்னொருவரின் சாதிப் பெயரை நான் எழுதப் போவதில்லை, உங்களுக்குத் தெரியும். அந்தப் பழமொழி என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். நிறத்தைப் பார்த்துச் சாதியைக் கண்டுபிடிக்க முடியாது என்பது அதற்கே தெரிந்திருக்கிறது. கண்டுபிடிக்க முடியாதபோது தன் கணக்கை அது சந்தேகிக்கவில்லை. எதிரே நிற்கிற மனிதரைச் சந்தேகிக்கிறது. வெளுத்துப் போனாலும் நம்மை விடமாட்டார்கள் என்பதுதான் இதன் பொருள். அப்புறம் எதற்கு அந்த ட்யூப்?

வியாபாரிகளுக்கு இது நன்றாகத் தெரியும். 'ஃபேர் அண்ட் லவ்லி' 1975-இல் சந்தைக்கு வந்தது. கறுத்த பெண்ணுக்கு வேலை கிடைக்காது, மாப்பிள்ளை கிடைக்காது, வெளுத்ததும் இரண்டும் கிடைக்கும் என்ற ஒரே கதையைப் பல பத்தாண்டுகள் நம் வீட்டுத் தொலைக்காட்சியில் ஓட்டினார்கள். 2020-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டு உலகமே கொந்தளித்த பிறகு அதன் பெயரை 'குளோ அண்ட் லவ்லி' என்று மாற்றினார்கள். அதே கோடையில் ஷாதி.காம் நிறத்தை வைத்து வரன் தேடும் வசதியை நீக்கியது. மினியாபொலிசில் ஒரு கறுப்பர் கொல்லப்பட்டதற்கு வெட்கப்பட்டவர்களுக்கு, இங்கே திண்டிவனத்திலும் தேனியிலும் நிறத்துக்காகக் கழிக்கப்பட்ட பெண்களைப் பார்த்து வெட்கம் வரவில்லை. 'ஃபேர்' போய் 'குளோ' வந்தது. கடையில் கேட்கிறவர்கள் மட்டும் இன்றும் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள்.

நம் பக்கமும் பேச வேண்டும். கறுப்பை நம் அரசியலின் நிறமாக்கியவர்கள் நாம். கருஞ்சட்டை போட்டோம், கருப்புக் கொடி பிடித்தோம். சட்டையைக் கறுப்பாக்கிய வீடுகளில் பெண்ணின் முகத்தைக் கறுப்பாக இருக்க விட்டோமா? சாதி மறுப்புத் திருமணம் செய்த தோழர்கள்கூடப் பிறந்த குழந்தையைப் பார்த்து, "அம்மா கலரா, அப்பா கலரா?" என்று கேட்பதைக் கேட்டிருக்கிறேன். என் சித்தி மகளிடம் கலர் கம்மி என்று சொன்னவர் ஆதிக்கச் சாதிக்காரர் இல்லை. அவர் வீட்டுச் சுவரில் அம்பேத்கர் படம் இருக்கிறது.

இனி ஒரு வேலையான பேச்சு. மருத்துவமனையில் இருந்து திரும்பும்போது, "அப்ப நான் மூஞ்சிக்கு என்னதான்க்கா போடறது?" என்று அவள் கேட்டாள். நம் சிரிப்பால் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி அது. நாம் பதில் சொல்லாததால்தான் மெடிக்கல் ஷாப் பதில் சொல்கிறது. அதனால் இங்கே எழுதுகிறேன். சென்னை வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் மூன்றே விஷயங்கள் போதும்: கழுவுவது, ஈரம் காப்பது, வெயில் மறைப்பது.

காலையும் மாலையும் முகம் கழுவினால் போதும். வேர்த்தால் வெறும் தண்ணீர். தோல் இயல்பிலேயே சற்று அமிலத் தன்மை கொண்டது. சாதாரணக் குளியல் சோப்பு காரம். அதைப் போட்டு நாளுக்கு நாலு முறை கழுவினால் எண்ணெய்ப் பிசுக்கோடு தோலின் காப்பும் போய்விடும். வாசனை இல்லாத மென்மையான சோப்போ ஃபேஸ் வாஷோ நல்லது. பீர்க்கன் நாரையும் நைலான் நாரையும் போட்டுத் தேய்க்காதீர்கள். கையிலும் முதுகிலும் அலை அலையாகக் கறுப்பது பலருக்கு அந்தத் தேய்ப்பால்தான். அழுக்கு என்று நினைத்து இன்னும் தேய்க்கிறோம், இன்னும் கறுக்கிறது. எலுமிச்சைச் சாறு, சோடா உப்பு, பற்பசை எதையும் முகத்தில் பூசாதீர்கள். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் வெந்துபோகும்.

கழுவிய ஈரம் முழுதும் காயும் முன் லேசான மாய்ச்சுரைசர் கொஞ்சம். எண்ணெய் வடியும் முகத்துக்கும் இது வேண்டும். ஜெல் போல் இருப்பதை வாங்கினால் பிசுபிசுக்காது. கை காலுக்குத் தேங்காய் எண்ணெயோ வாசலினோ போதும். பரு வருகிறவர்கள் தேங்காய் எண்ணெயை முகத்தில் தவிர்க்க வேண்டும். புதிதாக எதை வாங்கினாலும் முதலில் முழங்கையின் உட்புறம் மூன்று நான்கு நாள் தடவிப் பாருங்கள். அரிக்கவில்லை, சிவக்கவில்லை என்றால் முகத்துக்குப் போகலாம்.

மூன்றாவது சன்ஸ்கிரீன். வெயில் பட்டுக் கறுப்பது நோய் அல்ல. தோல் தன்னைக் காத்துக்கொள்ளும் வேலை அது. நம் கறுப்பு நமக்குக் காப்பு, வெள்ளைத் தோலைவிடப் பல மடங்கு. ஆனால் மங்கும், பரு ஆறிய தழும்பும், ஸ்டீராய்டு சிதைத்த முகமும் வெயிலில் மோசமாகும். அதற்காகத்தான் சன்ஸ்கிரீன். எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல், பி.ஏ. குறியோடு மூன்று கூட்டல் இருந்தால் நல்லது. 'வெளுப்பு', 'டான் நீக்கும்' என்று எழுதியிருந்தால் வேண்டாம். இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் பூச வேண்டும். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடியும். சீரம், டோனர் என்று பத்துப் பாட்டில் அடுக்குகிறார்களே, அவை எதுவும் ஆரம்பிக்கிறவர்களுக்குத் தேவையில்லை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வீட்டில் இருக்கும் ஒவ்வொரு ட்யூபையும் திருப்பிப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்புக் கோடு போட்டிருந்தால் மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது. படர்தாமரைக்கு என்று விற்கும் பல கலவைக் களிம்புகளிலும் ஸ்டீராய்டு உண்டு. அரிப்பு உடனே அடங்கும், படை உள்ளே பரவும். ஏற்கெனவே முகத்தில் மாதக்கணக்காகப் பூசிக்கொண்டிருந்தால் பட்டென்று நிறுத்தாமல் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்குப் போங்கள். நிறுத்தும் முறையை அவர்கள் சொல்வார்கள்.

இதையெல்லாம் நான் வீட்டில் விளக்கிக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா சித்தாள். முடிச்சூர் சாலையின் இரு புறமும் எழுந்து நிற்கும் அடுக்குமாடிகளில் பலவற்றுக்குக் கலவை சுமந்தவர். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையா? எனக்கு ஒண்ணுக்குப் போகவே விடமாட்டாங்கம்மா" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு தடவைக்கு ஒரு கிராம் என்றாலும், நாளுக்கு மூன்று முறை பூசினால் 50 கிராம் ட்யூப் பதினேழு நாளில் தீரும். வெயிலில் நிற்காமல் பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குச் சன்ஸ்கிரீன் கட்டுப்படியாகிறது. பகலெல்லாம் வெயிலில் நிற்கும் அம்மாவுக்குக் கட்டுப்படியாகாது. அவர் வழி வேறு: புடவைக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, அதன்மேல் சும்மாடு. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களும் இப்படித்தான் போகிறார்கள். அதைப் பார்த்துக் கேலி செய்தவர்கள் உண்டு. எந்த மருத்துவரைக் கேட்டாலும் நெருக்கமாக நெய்த முழுக்கைத் துணிதான் முதல் வெயில் காப்பு என்பார். நம் பெண்கள் யாரும் சொல்லாமலே கண்டுபிடித்தது அது.

சட்டை மறைக்காத இடம் கை. அம்மாவின் விரல் இடுக்குகள் வெடித்திருக்கும், மழைக்காலத்தில் நீர் வடியும். சிமெண்டின் காரம் தோலை அரிக்கிறது; அதில் இருக்கும் குரோமியம் ஒவ்வாமையை உண்டாக்குகிறது. ஒரு முறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு சிமெண்டைத் தொடும்போதெல்லாம் வரும். ஐரோப்பிய ஒன்றியம் 2005-லிருந்து சிமெண்டில் கரையும் அந்த வகைக் குரோமியம் 2 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. எங்கள் ரயில் பாதையில் தாம்பரம் தாண்டி, சானட்டோரியம் தாண்டினால் குரோம்பேட்டை. குரோமியத்தால் தோல் பதனிட்ட குரோம் லெதர் கம்பெனியால் வந்த பெயர் அது. மாட்டின் தோலைப் பதப்படுத்திய குரோமியம் ஊருக்குப் பெயராயிற்று. மனிதர்களின் தோலை வெடிக்க வைக்கும் குரோமியத்தைப் பற்றிப் பேச ஆள் இல்லை. அம்மாவின் முப்பது ஆண்டு வேலையில் எந்த மேஸ்திரியும் எந்த கான்ட்ராக்டரும் ஒரு ஜோடி ரப்பர் கையுறை கொடுத்ததில்லை.

தீண்டாமை என்பதே தோலின் மேல் எழுதிய சட்டம்தானே. எந்தத் தோலைத் தொடலாம், எந்தத் தோல் எதைத் தொட வேண்டும் என்பதுதான் அதன் மொத்தச் சாரம். மலத்தையும் குப்பையையும் கொதிக்கும் தாரையும் ஈரச் சிமெண்டையும் எந்தத் தோல் தொடுகிறது என்று பாருங்கள். கையுறை இல்லாமல் தொடவைத்த பிறகு அந்தத் தோலைப் பார்த்துக் கறுப்பு, கரடு, கலர் கம்மி என்கிறார்கள். முதலில் தோலைக் கெடுக்கும் வேலையைக் கொடுக்கிறார்கள். பிறகு கெட்ட தோலுக்கு வெட்கத்தைக் கொடுக்கிறார்கள். கடைசியில் வெட்கத்துக்கு ட்யூப் விற்கிறார்கள். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் தோல் பராமரிப்பு என்று பேசுகிறவர்கள் வியாபாரிகள். இந்த மூன்றையும் பார்க்காமல் சிரிக்கிறவர்கள் நம் தோழர்கள்.

எனவே நம் பராமரிப்புப் பட்டியலில் இவையும் இருக்க வேண்டும். மருந்துச் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு விற்கும் கடைகள் மீது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு ஊர் ஊராக மனு. கட்டுமான இடத்தில் கையுறை, குடிநீர், கழிப்பறை, உச்சி வெயிலில் நிழலும் ஓய்வும். கேரளத்தில் ஒவ்வொரு கோடையிலும் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை திறந்தவெளி வேலைக்கு ஓய்வு அறிவிக்கிறார்கள். தமிழ்நாடு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு இழப்பீடு தருகிறது. செத்த பிறகு கொடுப்பதைவிட உயிரோடு இருக்கும்போது நிழல் கொடுப்பது மலிவு. கட்டடத் தொழிலாளர்களுக்காக என்றே சட்டப்படி கட்டுமானச் செலவில் குறைந்தது 1 சதவீதம் வசூலிக்கிறார்கள். அம்மா சுமந்த கலவைக்கும் சேர்த்துத்தான் அந்தப் பணம். அதிலிருந்து ஒரு ஜோடி கையுறை கேட்பது பிச்சை அல்ல.

அந்தக் கூட்டத்தை நடத்தினோம். வருகிறவர்கள் வீட்டில் இருக்கும் களிம்பு ட்யூப்களை எடுத்து வாருங்கள், சேர்ந்து திருப்பிப் படிப்போம் என்று சொல்லியிருந்தோம். பத்தொன்பது ட்யூப் வந்தது. ஏழில் ஸ்டீராய்டு. அதில் இரண்டு, சிரித்த தோழரின் வீட்டு பீரோவில் இருந்தவை. அவருக்கே தெரியாது; அவர் மகள் வாங்கி ஒளித்து வைத்திருக்கிறாள். அன்று அவர் அதிகம் பேசவில்லை. கூட்டம் முடிந்ததும் தோல் பிரிவு எந்தக் கிழமை என்று என்னிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

சித்தி மகளின் முகம் இன்னும் முழுதாக ஆறவில்லை. ஆறு மாதம், ஒரு வருடம் ஆகலாம் என்கிறார் டாக்டரம்மா. சிவப்பு குறைந்து, கீழே அவளுடைய சொந்த நிறம் மெல்லத் திரும்பி வருகிறது. அது திரும்பி வருவதற்குப் பெயர்தான் குணமாவது. உங்கள் வட்டத்திலும் ஒரு கூட்டம் போடுங்கள். ட்யூப்களைத் திருப்பிப் படியுங்கள்.